புலிக்கும் செவ்வாய்க்கிழமை லீவு

“ஏம்ப்பா, புலிக்கும் உங்க கம்பெனிதானா?” என்று பின் சீட்டுச் சிறுமி கேட்டாள். பெங்களூரிலிருந்து ஓசூர் திரும்பும் பேருந்து. செவ்வாய்க்கிழமை.

“கரண்டு பத்தலைன்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் லீவு விடறாங்க. எங்களுக்குச் செவ்வாய். மிருகக்காட்சி சாலைக்கும் அதே நாளுன்னு எனக்கென்ன தெரியும்?” என்றார் அப்பா.

“அப்ப ஞாயித்துக்கிழமை போலாம்ப்பா.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை கண்ணு.”

“பூட்டின கேட்டைக் காட்டத்தான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வெச்சீங்களா?” என்றாள் அம்மா. மடியில் கைக்குழந்தை தூங்கியது. “பாப்பா, நாளைக்கு டீச்சர் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு.”

பேருந்து அத்திப்பள்ளியைத் தாண்டியது. சிறுமி கேட்டாள்:

“புலியைப் பாக்கலைன்னாலும் பொய் சொல்லணுமாம்மா?”