பனிக்காலத்துச் சுவர்

புகாராவில் பனிக்காலத்தில் யாரும் சுவர் பூசுவதில்லை. மண் காயாது, உறைந்து உதிர்ந்துவிடும். நேற்று நீ கடப்பாரையோடு வந்து, "எந்தச் சுவரு மாமா?" என்று கேட்டபோதே இதை நான் சொல்லியிருக்கலாம் ஸெபோ. நீ என் வீட்டின் மூன்று சுவர்களையும் இடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா நஜ்மிதீன் வைத்தியர். பழைய அரபு எழுத்தில் ஒரு தாள் வைத்திருந்தாலே ஆளைப் பிடித்துக்கொண்டுபோன முப்பத்தேழாம் வருஷம், டிசம்பரில், தன் மருந்துப் புத்தகங்கள் பதினொன்றைப் பஞ்சுப் போர்வையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். எழுத்துள்ள தாளை நாங்கள் நெருப்பில் போடுவதில்லை, சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவோம்.

"நீங்க புது எழுத்துச் சொல்லித்தர்ற வாத்தியாரு. உங்க வீட்டை எவன் சோதிக்கப் போறான்? என் பொண்டாட்டிகூட இதுங்கள என் சக்களத்திங்கன்னு திட்டுவா. பத்திரமா பாத்துக்குங்க" என்று சிரித்தார்.

டிசம்பரில் என் வீட்டுச் சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் தெருவே கேட்கும். எனக்கும் இரண்டு பிள்ளைகள். நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

ஒன்பது நாள் கழித்து உன் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அது மதப் புத்தகம் இல்ல, மருந்துப் புத்தகம், வாத்தியாரு படிச்சே காட்டுவாருங்கறான். அதை நம்பி உக்காந்திருக்கான். உங்ககிட்ட இருக்கா?"

"என் வீட்டுல அப்படி எதுவும் இல்லீங்க."

அது பொய் இல்லை. அன்று என் வீட்டில் உண்மையிலேயே எதுவும் இல்லை. இருபது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ரொட்டி சுடுகிற நாளில் புகை வந்தால் யாரும் கேட்பதில்லை. உன் அப்பாவைப் பிடிப்பதற்கு முன்பே, மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் காலையில் தந்தூர் அடுப்பை நானே மூட்டினேன். தோல் அட்டை நாறும் என்பதால் முதலிலேயே உரித்துவிட்டேன். பதினொன்றும் எரிந்து முடிந்தபோது அடுப்பு நல்ல பதத்தில் இருந்தது. மாவும் பிசைந்திருந்தது. வீணாக்க மனம் வரவில்லை.

சூடான ரொட்டி நான்கை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அப்பா முதல் துண்டைப் பிட்டு உனக்குத் தந்தார், அடுத்ததை எனக்கு.

"புத்தகமெல்லாம் பத்திரம்தானே வாத்தியாரே?"

வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, "சுவத்துக்குள்ள பத்திரமா இருக்கு" என்றேன்.