கேரண்டி போன வண்டி

புது வண்டி வாங்குகிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன், ஐயா. கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே ஓட்டுங்கள். சீட்டுக்கு உறை போடலாம், ஹார்ன் மாற்றலாம். அதற்கு மேல் கை வைத்தால் கேரண்டி போய்விடும்.

ராபர்ட்சன்பேட்டை கார் ஏஜென்சியில் எனக்கு அதுதான் வேலை. கம்பெனி கொடுப்பது ஒரு வருட கேரண்டி. டாக்ஸிக்காரர்கள் எங்களைத் தேடி வரட்டும் என்று எங்கள் முதலாளி கோதண்டராமன் தன் பொறுப்பில் இன்னொரு வருடம் நீட்டிக் கொடுத்தார். அதில் எந்தப் பழுது சேரும், எது சேராது என்று பார்த்துச் சொல்பவன் நான். என் பேச்சை அவர் தட்டியதில்லை.

என் அக்கா ஜெயம்மா உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. அவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தபோது நான் சின்னப் பையன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அக்காவுக்குக் கல்யாணம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். "ஆனந்தன வுட்டுட்டு நான் எங்கயும் போவமாட்டேன்" என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னாள். நான் அதை மறக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தாள். எனக்குப் பெண் பார்த்தாள், நான் வேண்டாம் என்றேன். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் தெருவில் என்னைப்போல் தம்பி கிடைக்க வேண்டும் என்பார்கள்.

சுந்தரராஜ் சுரங்க வேலையை விட்டு, எங்களிடம் கார் வாங்கி டாக்ஸி ஓட்டினார். மனைவியை இழந்தவர். பள்ளிக்கூட வேலையாக அக்காவைக் கோலாருக்கு ஒருமுறை கூட்டிப்போனார். அப்புறம் பேத்தமங்கலம் ஏரிக்குப் போனார்கள். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிப்பதில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். எங்கள் தெருவில் நாள் முழுக்க வண்டிகள் போகும். அவருடைய ஹார்ன் மட்டும் அக்காவுக்கு அடுப்படியிலிருந்தே தெரிந்துவிடும். நான் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து பின்னால் நின்றால்தான் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆனந்தா, அவரு கேக்கறாருடா. சரின்னு சொல்லட்டா?"

"இன்னாக்கா, இதெல்லாம் என்னக் கேட்டுகினு. நல்லவருதான."

அவள் கண் கலங்கிவிட்டது. "நீ எங்கயும் போவ வேணாம். எங்க வீட்லயே இருக்கலாம்."

அதுவரை அவள் வாயில் அது 'நம்ம வீடு'. அன்றைக்கு 'எங்க வீடு' ஆகிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவள், கவனித்திருக்க வேண்டும்.

பெட்ரோல் விலை ஏறி டாக்ஸிக்காரர்கள் திண்டாடிய வருடம் அது. வண்டியை விற்றுவிடலாமா என்று சுந்தரராஜ் யோசித்தார். நான்தான் டீசல் இன்ஜினுக்கு மாற்றச் சொன்னேன். பெங்களூரில் பழைய இன்ஜின் கிடைக்கும் இடத்தையும் நானே காட்டினேன்.

"கேரண்டி இன்னா ஆவும் ஆனந்தா?" என்று கேட்டார்.

"அத நான் பாத்துக்கறேன் மாமா."

முதல் தடவையாக அவரை மாமா என்று கூப்பிட்டேன். அடுப்படியில் நின்ற அக்கா காதில் அது விழுந்தது. அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னால் வந்தது.

இன்ஜின் மாறியது. கேரண்டி அன்றே போய்விட்டது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்போது என் மனதில் வேறு எண்ணம் இருந்ததா என்றால், இல்லை. வண்டி பழுதாகி அவர் என்னிடம் வந்து நிற்க வேண்டும், நான் முடியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன்.

சில மாதம் கழித்து கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். அந்த வருடத்து வண்டிகளில் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் ஊறிப்போகிறது, கேரண்டியில் உள்ள வண்டிக்கெல்லாம் சும்மாவே மாற்றிக் கொடுங்கள் என்றார். ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டு மாற்றினோம்.

சுந்தரராஜை நான் கூப்பிடவில்லை. அவரே வந்தார். "பெடல் கொஞ்சம் உள்ள போவுது, பாரேன்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். ரப்பர் ஊறி, ஓரம் பிய்ந்திருந்தது. டீசல் இன்ஜின் கனம் வேறு. சமதரையில் தாங்கும். இறக்கத்தில் தாங்காது.

முதலாளியிடம் போய், இன்ஜின் மாற்றிய வண்டி, நம் கேரண்டியில் வராது என்றேன். "சட்டம் அப்படின்னா சரி. ஆனா வெளியில வாங்கியாவது போடச் சொல்லிடு ஆனந்தா, பிரேக் சமாச்சாரம்" என்றார் அவர்.

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். சுந்தரராஜ் வேப்பமர நிழலில் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார், எனக்கும் சேர்த்து. டீயைக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. டீசல் வண்டி வெயிட்டு, பெடல் அப்பிடித்தான் இருக்கும். கேரண்டில வேற ரப்பர் போட்டுட்டேன்."

பழையதையே துடைத்து மாட்டியிருந்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கல்யாணம் புத்த விகாரத்தில் நடப்பதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன் குடியாத்தத்தில் இருக்கும் தன் அம்மாவிடம் அக்காவைக் காட்டிவிட்டு வர வேண்டும் என்றார் சுந்தரராஜ். வி.கோட்டா தாண்டிப் பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்க வேண்டும். காலையில் ஏஜென்சி வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். அக்கா முன் சீட்டில் இருந்தாள்.

"நீயும் வாயேன்டா. அவங்க அம்மாவப் பாத்துட்டு வந்துடலாம்."

"வேல கீதுக்கா."

"வண்டி நல்லா கீதுல்ல?" அதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் பதில் சொன்னேன். நல்லா கீது, போயிட்டு வாங்க என்றேன்.

நான்காவது வளைவு என்று பிறகு சொன்னார்கள். சுந்தரராஜ் அங்கேயே போய்விட்டார். அக்காவுக்கு முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கையும் சரியாக வருவதில்லை. வண்டியைப் பார்த்த அதிகாரி, கண்டபடி இன்ஜினை மாற்றியதால் வந்த வினை என்று எழுதினார். அதோடு முடிந்திருக்கும்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேலைக்கு லீவு போட்டேன். குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு நாகம்மா வருவாள். மற்றதெல்லாம் நான். தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன், பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஐயா, அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஒருநாள் முதலாளி அவளைப் பார்க்க வந்தார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். "வெளியில பிரேக் ரப்பர் போடச் சொன்னேனேம்மா, ஏன் போடாம வுட்டாரு?" அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீதான போட்டேன்னு அவரு சொன்னாரு" என்றாள். அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள். நாகம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பி உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான்.

அவள் அந்த வண்டியில் இருப்பது தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் தண்டனை குறையும் என்கிறீர்கள். அப்படி எழுத வேண்டாம். தெரியும். மலை இறங்குவதும் தெரியும், பிரேக் நிற்காது என்பதும் தெரியும். ஏஜென்சி வாசலில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். அவள் என் பக்கம் பார்த்துக் கேட்டிருந்தால் திறந்திருப்பேன்.

இப்போது சுந்தரராஜின் அம்மா அவளைக் குடியாத்தத்துக்குக் கூட்டிப்போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்காவே கேட்டுப் போனாளாம். ஒரு உதவி செய்யுங்கள், ஐயா. அந்த அம்மா ஊட்டினால் சாப்பிடுகிறாளா என்று விசாரியுங்கள். சாப்பிடவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சாப்பிடுகிறாள் என்றால் சொல்ல வேண்டாம்.