ஒரு வார்த்தைக்கு ஒரு சொட்டு ரத்தம்

...என்னைப் போய் வாயாடின்னு சொல்லிட்டா சார்! என்னை! வாயை இன்னும் கொஞ்சம் திறங்க... இன்னும்... ஆங், அப்படியே வச்சிருங்க. ஊசி போட்ட இடம் மரத்துப் போச்சா? பேச வேணாம், தலைய ஆட்டுங்க போதும்.

சொன்னது யாருங்கறீங்க? என் நாத்தனா. அவ ஒரு வக்கீல் சார். பேசறதுக்கே சம்பளம் வாங்கறவ. அவ என்னைப் பாத்து, "அண்ணி, ஊருக்கெல்லாம் பல்லுக்கு கிளிப் போடறீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?"ங்கறா. எப்படி இருக்கும் எனக்கு?

எல்லாம் அந்த சீட்டாட்டத்தால வந்த வினை. சேச்சே, தப்பா நினைக்காதீங்க, காசு வச்சு ஆடற ஆட்டம் இல்ல. ரத்தக் காட்டேரி சீட்டு. கேள்விப்பட்டதில்லையா? கட்டுக்கட்டா சீட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு காட்டேரி... என்னா பல்லு வரைஞ்சிருக்கான்ங்கறீங்க! ஆனா வரைஞ்சவனுக்கு பல்லைப் பத்தி ஒண்ணும் தெரியல. அந்தக் கோரைப்பல் அந்த இடத்துல இருந்தா மேல் உதடு மூடவே மூடாது. நான் ஆட ஆரம்பிச்ச அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா?

கொஞ்சம் சத்தம் வரும், பயப்படாதீங்க. சொத்தைய சுரண்டறேன், அவ்ளோதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில நாலு பேர் உக்காந்துடுவோம். நான், எங்க வீட்டுக்காரர், நாத்தனா, அப்புறம் மாடி வீட்டுத் தபால்காரர். ஆளுக்கு ஒரு குவியல் சிவப்பு மணி, அதான் ரத்தம். உங்க இடது கைப் பக்கம் உக்காந்திருக்கறவர் உங்க இரை. அவர் ரத்தத்தை நீங்க உறிஞ்சணும். வலது கைப் பக்கம் இருக்கறவர் உங்க ரத்தத்தை உறிஞ்சுவார். மணி தீந்தா ஆள் காலி. கடைசி வரைக்கும் இருக்கறவங்க ஜெயிச்சாங்க.

எனக்கு இடது பக்கம் எங்க வீட்டுக்காரர். சிரிக்காதீங்க சார், கை ஆடிடும்! என்னோட இரை அவர்தான். எனக்கு வலது பக்கம் நாத்தனா, அவளோட இரை நான்.

இதுல ருசியே பேச்சுதான். பேரம் பேசணும். "இந்த ஒரு சுத்து என்னை விட்டுடு, தபால்காரர கவுக்கறதுக்கு நான் உதவி பண்றேன்..." இப்படி. நாத்தனா என்ன பண்ணுவா தெரியுமா? சத்தியம் பண்ணுவா. தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவா. அடுத்த சுத்துல என் கழுத்தைக் கடிச்சுடுவா. கேட்டா, "அண்ணி, எழுத்துல இருக்கா?"ம்பா. ஆறு வாரம், ஏழு வாரம்... நானும் எவ்ளோதான் பொறுத்துப் போறது?

துப்புங்க. இல்ல இல்ல, அந்தப் பக்கம். ம். மறுபடி திறங்க.

போன வாரம் ஆட்டத்துக்கு முன்னாடி புதுசா ஒரு முறை முடிவாச்சு. மௌன ஆட்டம். யாரும் பேசக் கூடாது. பேசினா ஒரு வார்த்தைக்கு ஒரு சொட்டு, உங்க குவியல்லேர்ந்து ஒரு மணிய எடுத்து நடுவுல போட்டுடணும். செத்தவங்க, அதாவது மணி தீந்து போனவங்க, மூச்சே விடக் கூடாது. விட்டா மொத்த ஆட்டமும் கலைஞ்சிடும்.

எனக்குன்னே பண்ண சதி மாதிரி இருக்கா? நீங்களும் அப்படித்தானே நினைக்கறீங்க?

...முறைய சொன்னது நான்தான். என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? அந்த வக்கீல் வாயை அடைக்கணும்னு சொன்னேன்! செத்ததுக்கு அப்புறமும் பக்கத்துல நின்னு யோசனை சொல்லிட்டிருப்பா, அதுக்காகத்தான் அந்தச் செத்தவங்க சட்டம்கூட.

ஆட்டம் ஆரம்பிச்சுது. நான் சும்மா, மரியாதைக்கு, "சரி, ஆரம்பிக்கலாமா?"ன்னேன். நாத்தனா ரெண்டு விரலைக் காட்டறா. ரெண்டு சொட்டு! "ஐயோ"ன்னேன். ஒண்ணு. "இதெல்லாமா கணக்கு?"ன்னேன். ரெண்டு. அப்புறம் எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்... ஐயோ சார், என்ன பேசினேன்னு ஞாபகமே இல்ல. பேசி முடிச்சு மூச்சு வாங்கறேன், தபால்காரர் பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு என் மணிய எண்ணி எண்ணி நடுவுல போட்டுக்கிட்டிருக்கார். என் காட்டேரி ஒண்ணுகூட இன்னும் சவப்பெட்டிய விட்டு எழுந்திருக்கல. நான் காலி!

வலிக்குதா? வலிச்சா சொல்லுங்க. சரி, சொல்ல முடியாது... காலை ஆட்டுங்க.

செத்தவ என்ன பண்றது? வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் பாக்கறேன், எங்க வீட்டுக்காரர் ஆடறார்! அச்சகத்துல மெஷின் ஓட்டறவர். எப்பவுமே ரெண்டாவது ஆளா வெளிய போயிடுவார். என்ன கேட்டாலும் "ம்"தான். சமீபமா அந்த "ம்"முகூட இல்ல. அன்னைக்கு என்னா ஆட்டம்! தபால்காரர் பாதி ரத்தம் காலி. எங்க வீட்டுக்காரர் முகத்துல ஒரு சிரிப்புகூட. நான் செத்துட்டதால நாத்தனாவோட அடுத்த இரை அவர்தான். அவ அடிச்சதுல அவருக்கு ஆறே மணிதான் மிச்சம். இருந்தாலும் அவர் கையில ஒரு நல்ல சீட்டு இருந்துது, எட்டிப் பாத்தேனே. ஜெயிச்சிருப்பார்.

அந்த மனுஷன் சீட்டைக் கவுத்து வச்சார். ஒரு மணிய எடுத்து நடுவுல வச்சார். "எனக்கு"ன்னார்.

எல்லாரும் நிமிந்து பாத்தோம்.

இன்னொரு மணி. "வலது." இன்னொண்ணு. "காது." இன்னொண்ணு... "கேக்கல."

ரெண்டே மணிதான் பாக்கி. அதையும் வச்சார். "பயமா... இருக்கு."

அவ்ளோதான். அவர் ரத்தம் தீந்துபோச்சு.

...ஒரு நிமிஷம் சார். இந்த விளக்கு கண்ணைக் கூசுது.

எனக்குப் பேசணும் சார். நெஞ்சு வரைக்கும் வருது. ஆனா அவர் இன்னும் முடிக்கலன்னு அவர் மூஞ்சியப் பாத்தா தெரியுது. நான் வாயைத் திறந்தா கலைஞ்சிடும். ஆட்டத்தைச் சொல்லல நான்.

அப்ப அந்த வக்கீல் இருக்காளே, எத்தனை தடவை என்னை ஏமாத்தினவ... அவ முன்னாடி மலையா குவிஞ்சிருந்த மணிய ரெண்டு கையாலயும் அப்படியே அண்ணன் பக்கம் தள்ளினா. ஒரு வார்த்தை பேசல. தபால்காரரும் தன்னோடதைத் தள்ளிட்டார்.

எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு மணியா எடுத்து வச்சு, நிதானமா சொன்னார். மெஷின் சத்தத்துனாலயா என்னன்னு தெரியல. நாலஞ்சு மாசமா குறைஞ்சுக்கிட்டே வந்து இப்ப சுத்தமா இல்ல. ராத்திரியில உள்ள விசில் அடிக்கற மாதிரி ஒரு சத்தம். இன்னொரு காதும் போயிடுமோன்னு பயம். அப்புறம் என்னைப் பாத்தார். மூணு மணிய எடுத்தார். "சொல்ல... சந்து... கிடைக்கல."

என்கிட்ட சொல்றதுக்கு, சார். தினம் நாப்பது பேர் வாய்க்குள்ள எட்டிப் பாக்கறேன், ஈறுல இத்துனூண்டு வீக்கம் இருந்தா கண்டுபிடிச்சுடறேன். பக்கத்துல உக்காந்து சாப்பிடற மனுஷனைப் பாத்து, "என்ன கேட்டாலும் பதில் இல்ல, திமிரு"ன்னு நாலு மாசமா சண்டை போட்டுக்கிட்டிருந்திருக்கேன்! வீட்டுலயும் சரி, மேஜையிலயும் சரி, அவருக்கு வலது பக்கம்தான் நான். பேசினதுல பாதி சுவத்துக்குத்தான் போயிருக்கு.

நாத்தனா கிளம்பும்போது வாசல்ல நின்னுதான், வாய்க்கு ஒரு கிளிப் போட்டுக்கக் கூடாதான்னு கேட்டா. திட்டலாம்னு பாத்தேன். அவ கண்ணெல்லாம் சிவந்திருந்துது. விட்டுட்டேன்.

முடிஞ்சுது. சொத்தைய அடைச்சாச்சு, மரப்பு போற வரைக்கும் எதுவும் சாப்பிட வேணாம். மாத்திரை சிஸ்டர் குடுப்பாங்க.

நானும் உங்களோடயே கிளம்பறேன். இன்னைக்குத்தான் காது டாக்டர். நீங்க வரும்போது வெளிய நீலச் சட்டையில ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவர்தான். காலையிலேர்ந்து எனக்குக் கை காலே ஓடல சார். அதான் உங்ககிட்ட இந்தப் பேச்சு பேசிட்டேன். அங்க போய் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவர்தான் சொல்லணும், முழுசா, அவர் வாயால.

என்னங்க! கிளம்பலாமா?... என்னங்க!

பாத்தீங்களா, திரும்பவே இல்ல. இருங்க சார், கொஞ்சம் வழி விடுங்க. நான் அந்தப் பக்கமா சுத்திப் போய்க் கூப்பிடறேன்.