யாரும் திறக்காத படங்கள்

“ஹலோ... ஆமாம், கண்ணகிதான். பெரம்பலூர் காலேஜ், ஜியாலஜி. ...அதே புகார்தான் தம்பி. காலையிலேர்ந்து இது நாலாவது போன். ...ம். ...ம். சொல்லுங்க.”

அரியலூர் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் கண்ணகி. விடிந்தால் கலெக்டர் ஆபீசில் விசாரணை. சுண்ணாம்புக்கல் சுரங்கம் தின்றது போக மிச்சமிருக்கும் நாலு ஏக்கரையாவது விட்டுவையுங்கள் என்று மனு போட்டவள் அவள்தான். பக்கத்து நிலத்தில் என்ன கிடந்தது என்று காட்டினால்தான் மனு நிற்கும். வெடி வைப்பதற்கு முன் அங்கே கல்லாய்ச் சமைந்து கிடந்த கடல் நத்தை, சுறாப் பல் என்று எண்ணூறு உருப்படிகளை, மூன்று கோடை கருவாடாய்க் காய்ந்து படமெடுத்திருந்தாள். படங்களைச் சென்னைக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களில் ஏற்றி வைத்திருந்தாள். இன்று காலை திறந்தால் ஒன்றுகூட இல்லை. எதிர்முனையில் இருப்பவன் அந்தக் கம்பெனி இன்ஜினியர் முத்தமிழ்.

“டிஸ்க் போயிடுச்சா? சரி, போகட்டும். நாலு ஊருல நாலு நகல் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தானே இங்க இருந்ததை அழிச்சேன். ...கொறைச்சுடுச்சா? யாரு கொறைச்சா? ...தானாவா? மெதுவா சொல்லுங்க. ...அடிக்கடி தெறந்தா நகல் கூடும். ம். தெறக்காம கெடந்தா கொறையும். ...ஆமாம், ஆமாம், எடம் மிச்சமாகும், புரியுது. கடைசியில எத்தனை இருந்துச்சு? ...ஒண்ணா! அதுதான் போச்சா!”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு கத்தினாள்.

“ஆமாய்யா, யாரும் தெறக்கலை. நான்தான் விடலை! தெரியாத்தனமா அழிச்சுத் தொலைப்பாங்கன்னு என் கிளாஸ் பொண்ணுங்களைக்கூட அண்ட விடலை. நானே தொட்டதில்லை. நகையை லாக்கர்ல வச்ச மாதிரி வச்சிருந்தேன். அது உங்க மிஷினுக்கு வேண்டாத சரக்கா?

“...என்னது? எங்க காலேஜ் லேப் திறப்பு விழா போட்டோ பத்திரமா இருக்கா? எத்தனை நகல்? ...பன்னெண்டா! இருக்கும், இருக்கும். பொன்னாடை போட்டவன், போத்திக்கிட்டவன், அவனவன் மூஞ்சியை அவனவன் தெனம் தெறந்து பாத்திருப்பான்.

“...இனிமே ரெண்டுக்குக் கீழ போகாம பாத்துப்பீங்களா? கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா தம்பி? நாளைக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?”

சட்டென்று குரல் இறங்கிவிட்டது. திட்டத் திட்ட, தான் போட்ட பூட்டுதான் அவள் நெஞ்சில் குத்தியது. பொண்ணுங்க எத்தனை தடவை கேட்டார்கள், ஒரே ஒரு முறை பார்க்கிறோம் மேடம் என்று.

“...ம், இருக்கேன். ...மறுபடி எடுக்கறதா? அந்தக் கல்லையா? அய்யோ தம்பி, அங்க இப்ப எண்பதடிப் பள்ளம். கல்லெல்லாம் அரைச்சு, சிமெண்ட்டாக்கி, மூட்டை மூட்டையா லாரியில போயி வருசம் ஒண்ணாச்சு. ...உங்க ஆபீஸ் புதுக் கட்டடமா? ...போன வருசம் கட்டினதா? அப்ப என்னைய ஏன் கேக்கறீங்க? உங்க சுவத்தைப் பேத்துப் பாருங்க.”

கண்ணகி லைனைத் துண்டித்தாள்.