ஆமாம், இல்லை என்று முடியாத கேள்விகள்

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையென்றால் ஒன்று சொல்கிறேன், சார். நீங்கள் கேட்பதெல்லாம் மூடிய கேள்விகள். 'பாம்பைப் பார்த்தாயா, இல்லையா?' என்று காலையிலிருந்து ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மாது ஏதோ சொன்னாராம், அதனால். இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு மனிதன் வாயை மூடிக்கொள்வான். எங்கள் வகுப்பில் இப்படிக் கேட்டால் முதல் செமஸ்டரிலேயே மார்க் போய்விடும். 'அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லேன்' என்று கேட்டிருந்தால் இந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் சொல்லியிருப்பேன். பரவாயில்லை. அப்படிக் கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

கட்டுவிரியன் கடித்துச் செத்துப்போன தீர்த்தகிரி என் கூடப்பிறந்த அண்ணன். என்னைவிட ரொம்ப மூத்தவர். அப்பா போன பிறகு மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் தக்காளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு என்னைப் படிக்க அனுப்பியவர். நல்ல மனுஷர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுப்போகும். ஒரே குறை, பேச மாட்டார்.

நான் தர்மபுரியில் கவுன்சலிங் படிக்கிறேன். எங்கள் சுசித்ரா மேடம் சொல்லிக்கொடுத்த முறை சுலபமானது. அறிவுரை கூடாது, பதில் கூடாது. தனக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை வந்தவர் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாம் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். உடம்பில் எங்கே தோன்றுகிறது, அது எப்படி இருக்கிறது, எதை ஞாபகப்படுத்துகிறது, அப்புறம். நாம் கேட்பது இவ்வளவுதான். அவர் மௌனமானால் நாமும் மௌனம்.

ஹாஸ்டலில் செய்து பார்த்தேன். 'எனக்கு அதிகம் வலிப்பது' என்று பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னால், பாதிப் பேர் முதுகு என்று எழுதினார்கள், மீதிப் பேர் மெஸ் சாம்பார் என்றார்கள். காலி நாற்காலியைப் போட்டு, மனதில் இருக்கும் ஆளை அதில் உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். பிரபாகர் அந்த நாற்காலியைப் பார்த்து, 'கொஞ்சம் நவுரு மச்சி, ஃபேன் காத்து வரல' என்றான். இவர்களை வைத்துக்கொண்டு யாருடைய ஆழத்தைப் போய்ப் பார்ப்பது?

அண்ணனிடமும் முயன்றேன். அப்பா செத்தபோது உனக்குள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். நாற்று வாங்கப் போக வேண்டும், வண்டியை எடு என்றார். அதற்குப் பிறகு எனக்கு 'அப்புறம் டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணி அமுதவல்லி சிரிப்பார். 'குழம்புக்கு உப்பு போதுமான்னு கேட்டா, உங்களுக்கு என்ன தோணுதுன்னு என்னயே கேக்குது இந்தப் புள்ள' என்பார். நானும் கூடச் சிரிப்பேன். இது காரணம் இல்லை, சார். எழுதுகிறீர்கள் போல. அடித்துவிடுங்கள்.

நான் லீவில் வந்திருந்தேன். தக்காளி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் அண்ணன் காவலுக்குக் காட்டுக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடிந்ததும் டீ கொண்டுபோனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'வயிறு என்னமோ பண்ணுதுடா. நேத்து பஸ் ஸ்டாண்டுல தின்ன பரோட்டாதான்.'

கட்டுவிரியன் கடித்தால் அவ்வளவாக வலிக்காது. தடமும் சரியாகத் தெரியாது. பல பேருக்கு வயிற்று வலியில்தான் ஆரம்பிக்கும். காட்டில் தரையில் படுக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், அண்ணனுக்கும் தெரியும். பரோட்டா மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். அவராகக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

'பாம்பு கீம்பு கடிச்சுதா?' என்று கேட்டிருக்கலாம். ஆனால் அது மூடிய கேள்வி. பதிலை வாயில் ஊட்டுகிற கேள்வி. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்த வலி எப்படி இருக்குதுண்ணா?' என்றேன்.

சொன்னார், சார். பிழிந்த துணியை மறுபடி பிழிகிற மாதிரி என்றார். அப்புறம் என்றேன். இமை கனக்கிறது என்றார். அந்தக் கனம் எதை ஞாபகப்படுத்துகிறது என்றேன். அப்பாவைத் தூக்கிப்போன பாடை இன்னும் தோளிலேயே இருக்கிறது என்று சொல்லி அழுதார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, பஸ் போன பிறகும் ரோட்டிலேயே நின்றாராம். தனக்கும் படிக்க ஆசை இருந்ததாம். எல்லாம் வந்தது. நாக்கு குழறியது. குழறியதைத் திரும்பச் சொல்லி, நான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்டேன். அதுவும் முறைதான்.

பைக் வெளியே நின்றது, சாவியும் அதிலேயே இருந்தது. பாலக்கோடு ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் மறுக்கவில்லை.

நடுவில், 'ஆஸ்பத்திரிக்குப் போலாமாடா?' என்று கேட்டார்.

'போவணும்னு தோணுறப்ப உள்ள என்ன நடக்குதுண்ணா?' என்றேன்.

யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். நான் அந்த மௌனத்தை நிரப்பவில்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'கூடவே இருந்தியே மதி, வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?' என்று கேட்டார். அதைக் கேட்கும்போது உங்களுக்குள் என்ன வருகிறது என்று கேட்டேன். கன்னத்தில் அறைந்தார். அடக்கி வைக்காமல் வெளியே விட்டது அவருக்கு நல்லது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாது சொன்னது சரிதான். டீயோடு கொட்டகை வாசலுக்குப் போனபோது பாய்க்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கட்டு. காலை ஓரமாக எடுத்து வழி விட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன், வயிறு என்னமோ பண்ணுகிறது என்று அண்ணன் சொன்னார். ஆமாம், பார்த்தேன்.

கடைசியில் அவருக்குக் கண் திறக்கவில்லை. ஆனால் காது கேட்டது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, 'எனக்கு என்னடா ஆவுது?' என்றார். குரல் சரியாக வரவில்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை, சார்.

'ஒண்ணும் ஆவாதுண்ணா. அவசரமில்ல, மெதுவா யோசி' என்றேன்.

ஆறுதல் சொல்வது எங்கள் முறையில் தப்பு. அன்றைக்கு நான் செய்த ஒரே தப்பு அதுதான்.