உப்பில்லாச் சோறு

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, வசிப்பிடம் கப்பல்துறை. துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற சிவபாதத்தின் மூத்த மகன். தகப்பனுக்கு நஞ்சு வைத்தேன் என்று என் மீது முறைப்பாடு இருக்கிறது.

ஆறு வருடமாக அப்பாவைக் குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்தவன் நான். உப்புவெளியில் இருக்கும் தங்கை தயாளினி தீபாவளிக்கு மட்டும் வருவாள். சென்ற வைகாசியில் கிளினிக்கில் அப்பாவின் இரத்த அழுத்தத்துக்குப் புதிய மருந்துக் குளிசை தந்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் அடியோடு நிறுத்தினேன். படித்தவன் என்ற திமிர். மூன்றாம் வாரம் அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, "இதில என்ன போட்டனீ?" என்று கேட்டார். அதன் பின்னர் சுவரெல்லாம் எறும்பு என்றார், செத்துப்போன அம்மாவுடன் கதைத்தார், ஒரு நாள் காலையில் கண்டி வீதியால் நடந்துபோய்ப் பொலிசில் முறையிட்டார். பொலிசார் விசாரித்தபோது நஞ்சு வைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

அதன் பின்னர் தயாளினி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்குப் புத்தி தெளியட்டும் என்று சல்லி அம்மனுக்கு நேர்ந்து, அவரை நாற்பது நாள் உப்பில்லா விரதம் இருக்க வைத்திருக்கிறாள். குளிசையும் தவறாமல் கொடுக்கிறாள்.

வீட்டில் மிஞ்சியிருந்த அந்தக் குளிசையை மருந்துக்கடை றிஸ்வியிடம் காட்டினேன். அது சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றும், இரத்தத்தில் உப்பு இறங்கினால் வயதானவர்களுக்குப் பைத்தியம் போலவே வரும், சோதித்தால் தெரியும் என்றார். அன்றே உப்புவெளிக்குப் போய்ச் சொன்னேன். தயாளினி வாசற்படலையைத் திறக்கவில்லை.

"அண்ணா, நீங்க உப்புப் போடச் சொன்னா, நான் அந்த உப்பைத்தான் நஞ்சோ எண்டு சோதிக்கக் குடுப்பன்."

அவளுக்குப் பின்னால் யன்னல் திறந்திருந்தது. அப்பாவின் கை கட்டில் சட்டத்தோடு சீலைத் துண்டால் கட்டப்பட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.

முறைப்பாடு வழக்காகி, வரும் திங்கட்கிழமை நீதிமன்ற உத்தரவுப்படி அப்பாவை மனநல மருத்துவர் பார்க்கிறார். இந்தக் கடிதம் அவருக்கு. ஐயா, இரத்தத்தில் உப்பைப் பாருங்கள். அந்தச் சோதனை உங்களுடைய யோசனை என்றே சொல்லுங்கள்.

மேலே எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கையெழுத்து வைத்தால் இது என் வாக்குமூலமாக வழக்குக் கோவையில் சேரும், என்னைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் அந்தக் கோவையைத் தயாளினியும் வாசிப்பாள். நான் கேட்ட சோதனை என்று அறிந்தால் அப்பாவின் கையில் ஊசி குத்த விடமாட்டாள். ஆகவே கையெழுத்து வைக்காமல் தபாலில் போடுகிறேன்.