விதைக் கம்புத் தந்தி

கம்பங்கூழ் எனக்கும் பிடிக்கும் இன்ஸ்பெக்டர் ஐயா. மோர் மிளகாய் ஒன்று இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

என் பெயர் கருணாகரன். திருச்சுழிக்குத் தெற்கே, எங்கள் ஊர்த் தபாலாபீஸில் பதினோரு வருஷமாகத் தந்தி வாங்குகிறேன். எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. சேதி தொடங்கும்போது ஒரு கோடு தட்டுவார்கள், முடியும்போது ஒரு கோடு. அதற்குப் பிறகு வருவது ஆபீஸ் பேச்சு, தாளில் எழுதக் கூடாது. தந்தி கொடுப்பவர் தாளில் சேதிக்கு நடுவிலேயே கோடு போட்டிருந்தால், அதை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டுவோம். இன்னும் முடியவில்லை, மேலே எழுது என்று அர்த்தம்.

இந்த வருஷம், எழுபத்து நாலில், மழை இல்லை. எங்கள் ஊர் விவசாயி சங்கையாவுக்கு டவுன் கடைக்காரர் இன்பராஜ் லாரியில் ஒரு மூட்டை அனுப்பினார். மறுநாள் அவருடைய தந்தி வந்தது: விதைக் கம்பு அனுப்பியிருக்கிறேன், பெற்றுக்கொள்ளவும். பிறகு கோடு. பிறகு, விஷ மருந்து கலந்தது, யாரும் சாப்பிட வேண்டாம். எச்சரிக்கை தனியாகத் தெரியட்டும் என்று கடைக்காரர் நடுவில் கோடு போட்டிருக்கிறார். டவுனில் தட்டியவர் அதை ஒரே தடவை தட்டினார். ஒரு கோடு என்றால் சேதி முடிந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

சங்கையா மேல் எனக்குக் கோபம் இல்லை. போன சித்திரையில் என் மனைவி பாலாமணி வாயும் வயிறுமாகக் குடத்தோடு போனபோது, அவர் கிணற்று வாசலைப் பூட்டினார். அவள் இரண்டு மைல் நடந்தாள். பிள்ளை தங்கவில்லை. கிணறு அவருடையது, பூட்டும் அவருடையது. அதை நான் மறுத்ததில்லை.

தந்தியை நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். சங்கையா வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி வெள்ளைத்தாய் கம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். விதையில் ஏற்றியிருந்த சாயம் கரைந்து தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"விதைக்க மழை எங்கய்யா இருக்கு? பிள்ளைக பசி தாங்கல. கழுவுனா சாயம் போயிரும்ல?"

"போயிரும் தாயி," என்றேன்.

மூன்று பிள்ளைகளும் மறுநாளே போய்விட்டன. அவளும்.

டவுனுக்கு ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டாம் ஐயா. அங்கே தட்டியவர் காசிராஜன், பிள்ளைகுட்டிக்காரர். வேலை போய்விடும். நடுவில் வந்த கோட்டை அவர் இரண்டு தடவைதான் தட்டினார். இரண்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டன.